கடைசி வரிசையில் கணவர்

பல்கலைக்கழகத்தில் அவருக்குச் 'சராசரி மேடம்' என்று பெயர். புள்ளியியல் துறை. முதல் வருட மாணவர்களிடம் முதல் நாளே, "சராசரியப் பாத்து ஏமாந்துடாதீங்க. அது எல்லாரப் பத்தியும் பேசும், ஆனா ஒருத்தரையும் அதுக்குத் தெரியாது" என்பார். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வைத்த பெயர் அது. நடைபாதையில் யாராவது வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால்கூட, திரும்பிப் பார்த்து "சொல்லுப்பா" என்பார்.

அவருக்கும் எனக்கும் ஒரே ஓய்வறை. நான் தாவரவியல். எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு ஜன்னல். வருடக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்ததில் அவருடைய காலடிச் சத்தத்தை வைத்தே வகுப்பு எப்படிப் போனது என்று சொல்லிவிடுவேன். குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமாகத்தான் வருவார். நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். மீதிப் பாதி எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

அவருடைய கணவரும் எங்கள் பல்கலைக்கழகம்தான். மொழிபெயர்ப்புத் துறைப் பேராசிரியர். நெடுநெடுவென்ற உயரம். ஒரு சொல்லை வெளியே விடுவதற்கு முன்னால் வாயில் போட்டுச் சுவை பார்ப்பவர் போல நிதானமாகப் பேசுவார். இவர்கள் இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தியது என்று நான் ஒரு தடவை மேடத்திடம் கேட்டேன்.

"நான்தான் போய் மாட்டினேன். ஒரு புள்ளியியல் வார்த்தைக்கு நம்ம மொழியில என்ன சொல்றதுன்னு கேட்டேன். ஒரு வாரம் கழிச்சு ஒரு சொல்லோட வந்தார். சரியா இல்லைன்னேன். அடுத்த வாரம் இன்னொன்னு. அதுவும் சரியில்லைன்னேன். இப்படியே போயிட்டிருந்தப்ப ஒருநாள்தான் புரிஞ்சுது, மனுஷன் சொல்லுக்காக வரலைன்னு" என்றார். இதை மட்டும் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார்.

இயந்திரங்கள் எங்கள் வேலையில் கை வைக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. மாணவர்களிடம் கட்டுரை கேட்டால் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்தது. கணக்குக் கொடுத்தால் வழிமுறையோடு போட்டுக் கொடுத்தது. ஆசிரியர்களை இதற்குத் தயார்படுத்தியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை வரவழைத்தார்கள். டை கட்டிய ஒருவர் வந்து பெரிய திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். இனிமேல் என்னென்ன வேலைகள் இருக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் எங்கள் வேலையும் இருந்தது. நாங்கள் கைதட்டிவிட்டு வெளியே வந்தோம். வாசலில் தேநீர் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் தொடவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் துணைவேந்தர், "பயிற்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் மேசையை ஆராய்ச்சி செய்தோம். சராசரி மேடத்துக்கு மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"நல்லா பயமுறுத்துனாங்க சார். பயிற்சி என்னிக்குன்னு சொன்னீங்கன்னா அதுக்கும் வந்துடறோம்."

துணைவேந்தர் கெட்டிக்காரர். "அப்ப அதை நீங்களே நடத்திடுங்க மேடம்" என்று வேலையை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்.

"ஐயோ, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே சார்."

"தெரிஞ்சவங்க நடத்துனதத்தான் பாத்தாச்சே."

இப்படித்தான் அந்த வேலை அவரிடம் வந்தது.

வாரம் ஒரு மதியம் என்று ஏற்பாடானது. இடம், பழைய மொழி ஆய்வகம். வரிசையாகத் தடுப்பு வைத்த மேசைகள், ஒவ்வொன்றிலும் எப்போதோ செத்துப்போன ஒலிக்கருவி, ஒரே ஒரு புரொஜெக்டர். அறை கணவருடைய துறைக்குச் சொந்தமானது. சாவி அவரிடம்தான் இருந்தது. அவரே வந்து கதவைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் வகுப்பு எடுபடவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. மேடம் இரவும் பகலும் படித்துத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், எங்கே எதைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று படம் படமாகக் காட்டினார். இயற்பியல் சார் தனக்கு எல்லாம் ஏற்கெனவே அத்துப்படி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். வரலாற்றுப் பேராசிரியர் தூங்கிப்போனார். சட்டத்துறைப் பேராசிரியை கடைசியில் எழுந்து, "எல்லாம் சரி மேடம், இதை எப்படி நிறுத்தறது?" என்று கேட்டார். அவர் அந்த மென்பொருளை மூடுவதைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. அடுத்த வாரம் திறந்து பார்த்தால், அவர் காட்டிய பொத்தான்களில் பாதியைக் காணோம். நிறுவனம் திரையின் தோற்றத்தையே மாற்றிவிட்டிருந்தது. மேடம் தன் படங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நேத்து நான் பாத்தப்பக்கூட இங்கதாங்க இருந்துச்சு" என்று குழந்தை மாதிரி சொன்னார். பிறகு புரொஜெக்டரை அணைத்துவிட்டார். "சரி, பொத்தான் சொல்லிக்கொடுத்து நாம அதுக்கு ஈடுகொடுக்க முடியாது. வேற மாதிரி போவோம். அடுத்த தடவை வரும்போது, நீங்க வழக்கமா பரீட்சையில கேக்கற கேள்வியில உங்களுக்கே ரொம்பப் புடிச்சது ஒண்ணு கொண்டு வாங்க. அதை இதுகிட்ட கேட்டுப் பாப்போம்."

அந்த மூன்றாவது வகுப்பை நான் மறக்க மாட்டேன்.

ஒவ்வொருவராகக் கேள்வியைக் கொடுத்தோம். இயந்திரம் எங்கள் பரீட்சைகளில் வரிசையாகத் தேறிக்கொண்டே வந்தது. இயற்பியல் சாரின் கேள்விக்கு அவருடைய முதல் மாணவனைவிட நன்றாக எழுதியது. என்னுடைய கேள்வி இலைகளின் அமைப்பைப் பற்றியது. பதில் வந்தபோது இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கேள்வியைப் பார்த்துத்தான் வெட்கமாக இருந்தது. மனப்பாடம் செய்தவர்களுக்கு மட்டுமே அது இத்தனை நாளும் வழிவிட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் கணவரின் முறை. இறுதி ஆண்டு மாணவர்களுக்கு அவர் எப்போதும் கொடுக்கும் ஒரு பத்தி. கடலோரத்தில் ஒரு பெண் துணி காயப்போடுவதைப் பற்றியது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும், மொழிபெயர்க்க உட்கார்ந்தால் உயிரை வாங்கும். எத்தனையோ வருட மாணவர்கள் அதில் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்திருக்கிறார்கள். மேடம் அதை உள்ளிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் மொழிபெயர்ப்பு வந்து நின்றது.

கணவர் எழுந்து முன்னால் வந்து, திரைக்குப் பக்கத்தில் நின்று படித்தார். இன்னொரு முறை படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அது ஒரு சாதாரணச் சொல். மேடத்தின் முகம் மட்டும் வெளுத்துப்போனது. அந்தக் குரலின் அர்த்தம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் நடந்ததை மறுநாள் ஓய்வறையில் என்னிடம் சொன்னார். கண்கள் வீங்கியிருந்தன. மாலையில் அவர் சமைக்க, கணவர் பாத்திரம் கழுவுவது வழக்கம். அன்றைக்கும் கழுவியிருக்கிறார். ஒரே கிண்ணத்தை வெகுநேரமாகத் தேய்த்துக்கொண்டே, "இந்த வருஷம் முடிஞ்சதும் வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாராம்.

"என்னங்க, விளையாடறீங்களா?"

"இல்லம்மா. நான் சொல்லிக்கொடுக்கறத ஒரு பெட்டி செய்யுது. அப்புறம் நான் எதுக்கு அங்க போய் நின்னுக்கிட்டு?"

"ஒரு பத்திய வச்சு முடிவு பண்ணிடுவீங்களா? அது ஒரே ஒரு சாம்பிள். அத வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது."

"இது உன் புள்ளியியல் இல்ல. எனக்கு அந்தப் பத்தி போதும்."

மேடத்துக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் உங்கள எழுப்பி நிக்க வச்சது நான்தானே. தப்பு பண்ணிட்டேன்."

"நீ செஞ்சது தப்பு இல்ல. அதான் வலிக்குது" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாராம்.

"நான் இந்த வகுப்ப நிறுத்திடப் போறேன்" என்றார் மேடம் என்னிடம். "அந்த டை கட்டின ஆளு தூரத்துல நின்னு பயமுறுத்துனார். நான் பக்கத்துல கூட்டிட்டுப் போய்ப் பயமுறுத்திட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

பிளாஸ்க்கில் இருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். வகுப்பை நிறுத்தவில்லை.

நாலாவது வகுப்பில் கணினியைத் திறக்கவே இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். கடைசி வரிசை நாற்காலி மட்டும் அங்கேயே காலியாக இருந்தது. கணவர் அன்றைக்குச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டார்.

"இன்னிக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கப் போறதில்ல" என்றார் மேடம். "உங்க வேலையில எது போயிடும்னு பயமா இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கும் இருக்கு, நானும் சொல்றேன்."

யாரும் எதிர்பார்க்காத விதமாக, இயற்பியல் சார் முதலில் தொண்டையைச் செருமினார்.

"சாயங்காலம் பசங்க சந்தேகம் கேக்க வருவாங்க. என் அறை வாசல்ல வரிசையா நிப்பாங்க. வீட்டுக்குப் போக லேட் ஆகும், என் மனைவி திட்டுவா. இப்ப ஒருத்தரும் வர்றதில்ல. எல்லாம் அதுகிட்ட கேட்டுக்கறாங்க. நான் கதவ மட்டும் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன்." சிரிக்க முயன்றார். "வீட்டுக்குச் சீக்கிரம் போனா, என்ன உடம்பு சரியில்லையான்னு கேக்கறா."

சட்டத்துறைப் பேராசிரியை, "எனக்குப் பசங்களோட அரைகுறை வாதம்தான் புடிக்கும்" என்றார். "எங்க தடுக்கி விழுந்தாங்கன்னு பாத்தா, அந்தப் பையன் எப்படி யோசிக்கறான்னு தெரிஞ்சுடும். இப்ப வர்ற விடைத்தாள்ல ஒருத்தரும் தடுக்கறதே இல்ல. எல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி வழவழன்னு இருக்கு. யாரைத் திருத்தறேன்னே தெரியல."

நானும் என் இலைகளைப் பற்றிச் சொன்னேன். வரலாற்றுப் பேராசிரியர் அன்றைக்குத் தூங்கவில்லை. வகுப்பு முடிந்தும் யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை.

ஆனால் பேசினால் மனம் லேசாகும், வழி பிறந்துவிடுமா? அடுத்து என்ன செய்வதென்று மேடத்துக்குத் தெரியவில்லை. அது தெரியவந்தது வகுப்பறையில் அல்ல, அவர் வீட்டுக் கூடத்தில்.

அவர்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில் செவிலியர் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டு மொழி வேறு. மேடத்துக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. கணவருக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. அதனால் சம்பந்தியம்மா தொலைபேசியில் அழைத்தால் கணவர் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கமும் அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்வார். இரண்டு பெண்களும் அவரை வைத்துக்கொண்டே அவரைக் கேலி செய்வார்கள். அதையும் அவர்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

மகள் கர்ப்பமானதும் சம்பந்திகளுக்குள் பேச்சு அதிகமானது. எதற்கெடுத்தாலும் கணவரைக் கூப்பிடுவதற்குக் கூச்சப்பட்டு, மேடம் கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலியைப் போட்டுக்கொண்டார். அந்தம்மா பேசினால் திரையில் எழுத்தாக வந்துவிடும். இவர் பேசினால் அங்கே அவர்கள் மொழியில் போய்ச் சேரும். வசதியாகத்தான் இருந்தது. கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. வேலையை விடுகிறேன் என்று சொல்லும் மனிதரிடம் இனி இதை எந்த வாயால் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேடம் கூடத்தில் உட்கார்ந்து சம்பந்தியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். 'எல்லோரும் நலம். நான் நன்றாக இருக்கிறேன். குழந்தை பிறக்கும் சமயத்தில் என்னால் வர முடியாமல் போகலாம், கொஞ்சம் வேலை இருக்கிறது' என்று திரையில் வந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் சொன்னார். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. முதல் பேரக்குழந்தையைவிடப் பெரிய வேலை என்னவோ?

இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே கணவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"வைக்காதே. அவங்கள இருக்கச் சொல்லு" என்றார்.

"ஏங்க?"

"அவங்க நல்லா இல்லம்மா. குரல் அடைச்சுப்போய் இருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் முழுங்கி முழுங்கிச் சொல்றாங்க. உனக்குக் கேக்கலையா?"

மேடத்துக்குக் கேட்கவில்லை. அவர் திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

கணவர் பெட்டியை வைத்துவிட்டு வந்து கைபேசியை வாங்கினார். செயலியை அணைத்தார். அந்த மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்தம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மருமகள் நிறைமாதமாக இருக்கும்போது சொல்ல வேண்டாம் என்று மகனிடம்கூட மறைத்துத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். கணவர் உட்கார்ந்து பேசினார். நடுநடுவே மேடம் சொன்னதை அங்கே சொன்னார், அங்கே சொன்னதை இங்கே சொன்னார். "மகன்கிட்ட இன்னிக்கே சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குத் தனியா போகக் கூடாதுன்னு சொல்லுங்க. நான் வந்து கூட இருக்கேன்னு சொல்லுங்க" என்று மேடம் கையைப் பிசைந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். பேசி முடித்துக் கைபேசியை வைத்தபோது இஸ்திரி மேசைமேல் இருந்த சட்டை ஆறிப்போயிருந்தது.

"அது சொன்னதுல தப்பு எதுவும் இருந்துச்சாங்க?" என்று மேடம் கேட்டார்.

கணவர் செயலியைத் திறந்து, பதிவாகியிருந்ததை மேலிருந்து கீழே வரை படித்தார். "இல்ல. எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. 'நன்றாக இருக்கிறேன்'னுதான் அவங்க சொன்னாங்க."

"அப்ப தப்பு என்னோடதுதான். அவங்க பேசறப்ப நான் அவங்களக் கேக்கல. எழுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இதை என்னிடம் சொன்னபோது மேடம் சொன்னது இதுதான்: "செயலிய நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லன்னா இத்தனை மாசம் நாங்க ரெண்டு பேரும் தனியா ரெண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். ஆனா நாம எல்லாரும் வகுப்புல செய்யறதும் இதுதானே? பேப்பரப் பாக்கறோம். பேப்பர் நல்லா இருக்குன்னு எழுதியிருந்தா, பையனும் நல்லா இருக்கான்னு நினைச்சுக்கறோம். இயந்திரம் வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான் இருந்தோம்."

அதற்கடுத்த வகுப்பில் அவர் எங்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார். அவரவர் மாணவர் ஒருவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தை வைத்துச் செய்ததோ சொந்தமாகச் செய்ததோ, எதுவானாலும் சரி, அவர் எழுதியதை நடுவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். திட்டக் கூடாது, துப்பறியக் கூடாது. ஏன் இப்படி எழுதினாய், இதில் எது உனக்குப் புரியவில்லை, எதை நம்பவில்லை என்று கேட்க வேண்டும்.

நான் என் மாணவி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அவளுடைய கட்டுரை பிரமாதமாக இருந்தது. அதில் எழுதியிருந்த இலையைச் செடியில் காட்டச் சொன்னேன். தெரியவில்லை. இரண்டு பேரும் குனிந்து தேடினோம். அவள் கண்டுபிடித்துவிட்டு, "இவ்வளவு சின்னதா மேடம்?" என்று கேட்டாள். அவள் ஆச்சரியப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வருடத்திலிருந்து என் பரீட்சையில் பாதி தோட்டத்தில்தான் நடக்கிறது. மழை பெய்தால் எல்லோரும் நனைகிறோம்.

அதற்கடுத்த வாரம் வகுப்புக்குக் கணவர் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்தார். முடிகிற நேரத்தில் எழுந்து, "நான் ஒண்ணு செஞ்சு பாத்தேன், காட்டலாமா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். வீட்டில் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. மேடம் சட்டென்று நகர்ந்து இடம்விட்டார்.

துணி காயப்போடும் பெண்ணின் அதே பத்தி. இந்த முறை அவர் இயந்திரத்திடம் ஒன்றல்ல, வெவ்வேறு விதமாகப் பல மொழிபெயர்ப்புகள் கேட்டு வாங்கியிருந்தார். ஒன்றில் அந்தப் பெண் களைத்திருந்தாள். ஒன்றில் காத்திருந்தாள். இன்னொன்றில் யாரையோ வழியனுப்பிவிட்டு வந்தவள் போல இருந்தாள். எல்லாமே மூலத்துக்குப் பொருந்தின.

"நான் இத ஜெயிக்கப் பாத்தேன்" என்றார், தன் வழக்கமான நிதானத்தோடு. "முடியல. வேகத்துல முடியாது, பல இடத்துல தரத்துலயும் முடியாது. அப்புறம் பசங்ககிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். இதுல எது சரி, ஏன் சரின்னு கேட்டேன். ஒரே சண்டை. மணி அடிச்சதுக்கு அப்புறமும் சண்டை. ஒரு பொண்ணு, அந்தம்மா களைச்சுத்தான் இருக்கணும், எங்கம்மா துணி உதறும்போது இப்படித்தான் நிப்பாங்கன்னு எழுந்து நின்னு காட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "என்கிட்ட இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையும் எழுந்து நின்னு காட்டினதில்ல."

இயற்பியல் சார்தான் முதலில் கைதட்டினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அடுத்த வருடம் மொழிபெயர்ப்புத் துறையை இன்னொரு துறையோடு சேர்த்துவிட்டார்கள். கணவர் ஆசையாக உருவாக்கிய இரண்டு பாடங்கள் போயின. பெயர்ப்பலகையைக் கழற்றிய அன்று அவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் தன் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். ஆனால் கணவர் வேலையை விடவில்லை. இப்போது அவருடைய மாணவர்கள் மருத்துவமனையின் வரவேற்பறையில் உட்கார்ந்து, மொழி தெரியாத நோயாளிகளுக்கு உதவுகிறார்கள். கையில் செயலி இருக்கும். முதலில் முகத்தைப் பார், பிறகு திரையைப் பார் என்பது அவர் போட்ட ஒரே விதி.

வரலாற்றுப் பேராசிரியர் கடைசிவரை மாறவில்லை. அவரை யாரும் வற்புறுத்தவும் இல்லை. கௌரவமாக ஓய்வு பெற்றார். சட்டத்துறைப் பேராசிரியை, இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டவர், மாணவர்களை இயந்திரத்தோடு வாதாட விட்டு, எங்கே இரண்டு பேரும் தடுக்கி விழுகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிறார். இயற்பியல் சார் தன் அறையை விட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சிற்றுண்டிக் கூடத்துக்கே போய்விட்டார். சந்தேகம் கேட்க யாரும் வராவிட்டால் இவரே போய் அவர்களிடம் சந்தேகம் கேட்கிறார். மறுபடியும் வீட்டுக்குத் தாமதமாகத்தான் போகிறார்.

வருடக் கடைசியில் துணைவேந்தர் மேடத்தை அழைத்து, "எத்தனை சதவீதம் பேர் தயாராயிட்டாங்க?" என்று கேட்டாராம்.

"யாருமே தயாராகல சார். நானும் இல்ல" என்றிருக்கிறார் மேடம். "அது மாறிக்கிட்டே இருக்கு. தயாராயிட்டோம்னு நினைச்சா அன்னிக்கே பழசாயிடுவோம். ஆனா தனியா பயந்துக்கிட்டு இருந்தவங்க இப்ப சேர்ந்து பயப்படறோம். அதுல கொஞ்சம் வேலையும் நடக்குது."

துணைவேந்தர் சிரித்துவிட்டு, அடுத்த வருடமும் நீங்களே நடத்துங்கள் என்றார்.

சம்பந்தியம்மாவின் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொன்னபடியே மேடம் போய் மருத்துவமனையில் கூட இருந்தார். அங்கிருந்து மகளின் பிரசவத்துக்கு ஓடினார். பேத்தி பிறந்தாள். தாத்தா, நல்ல பெயராகத் தேடித் தருகிறேன் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு பெயரிலும் ஒரு குறை கண்டுபிடித்ததில், அந்தக் குழந்தை வெகுநாள் வரைக்கும் வெறும் 'பாப்பா'வாகவே இருந்தது.

இப்போது பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்தெல்லாம் மேடத்தைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமைகளில் கணவரும் கூடப் போகிறார். ஒருமுறை நானும் அதே பேருந்தில் ஏறினேன். திரும்பி வரும் வழி அது. மேடம் நாள் முழுக்கப் பேசிக் களைத்து ஜன்னலோரமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பேருந்து குலுங்கும்போதெல்லாம் தலை கம்பியில் இடிக்கப் போனது. கணவர் தன் உள்ளங்கையைக் கம்பிக்கும் அவர் தலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல மற்றக் கையைத் தூக்கினார்.

"எப்படி சார் போச்சு இன்னிக்கு?" என்று கேட்டேன்.

அவர் ஒரு சொல்லுக்காக யோசித்தார். கிடைக்கவில்லை. மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசுங்கள் என்று கண்ணால் சொன்னார்.